வலி விட்டிருந்த 13 மாதம்: ஒரு கடைவாய்ப் பல்லின் நிகழ்வு ஆய்வு

2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. அழகர் ஆற்றில் இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. மதுரை–தேனி சாலையில் செக்கானூரணிப் பக்கம் இருக்கும் என் சின்ன கிளினிக்கில் அந்த வாரம் கூட்டமே இல்லை. பாதி ஊர் மதுரையில்தான் கிடந்தது. மாலை ஆறரை மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய அம்மா முந்தானையை வாயோடு சேர்த்துப் பிடித்திருந்தார். கூட வந்த மகள்தான் பேசினாள்.

"பல்லு வலி டாக்டரம்மா. ஒரு ஊசி, மாத்திரை மட்டும் குடுங்க, போதும். ஆர்டர் பூ வீட்ல அப்படியே கிடக்கு."

வந்தவருக்கு வயது 46. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலிருந்து வரும் மல்லியை வீட்டில் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பவர். ஆறு வருடமாகச் சர்க்கரை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கில் எதையும் மாற்றவில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். ஒரு விரல்கூடச் சரியாக நுழையவில்லை. அளந்தால் 12 மில்லிமீட்டர். நல்ல வாய் 40 மில்லிமீட்டராவது திறக்கும், மூன்று விரலை அடுக்கி நுழைக்கலாம். நாக்கு மேலே தூக்கிக்கொண்டு அண்ணத்தில் முட்டியது. எச்சிலை விழுங்க முடியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் வீக்கம், தொட்டால் பலகை மாதிரி கெட்டி. ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு பதற்றம் வந்திருக்காது. பேச்சு, வாய் நிறையச் சுடுசோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது. காய்ச்சல் 102, நாடித் துடிப்பு 118. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 384.

இதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். வில்ஹெல்ம் பிரெடரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் இதை விவரித்து எழுதினார். ஆஞ்சைனா என்றதும் நெஞ்சுவலி நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு நெரிப்பது என்ற பழைய லத்தீன் பொருள்தான். நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் உள்ள இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வீங்கி, நாக்கை மேலேயும் பின்னேயும் தள்ளி, மூச்சுப் பாதையை அடைக்கும். ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை.

அவரை என் நாற்காலியில் சாய்க்கவே இல்லை. சாய்த்தால் நாக்கு பின்னால் சரியும். நேராக உட்கார வைத்து, 108-க்குப் போன் போட்டேன். மகளுக்குக் கோபம். பணம் இருக்காது என்று நினைத்து நான் தட்டிக் கழிக்கிறேன் என்று அவளுக்குப் பட்டிருக்கிறது. "பல்லுக்குப் போயா ஆம்புலன்ஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் தப்பில்லை. பல்லுக்கு யாரும் ஆம்புலன்ஸ் கூப்பிட்டுப் பார்த்ததில்லைதானே.

பெரியாஸ்பத்திரியில்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் என் பங்கு எதுவும் இல்லை, டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பதும் அவர்கள் சொன்னதும்தான் எனக்குத் தெரியும்.

இரவு எட்டரை மணிக்கு மதுரை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. வாய் திறக்காதவருக்கு மயக்க மருந்து கொடுப்பது சுலபமில்லை. மயங்கினால் கழுத்துத் தசைகள் தளர்ந்து, இருக்கிற கொஞ்சம் வழியும் அடைபடும். அதனால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழி செய்தார்கள். அது முடியாமல் போனால் தொண்டையில் துளை போட ஒரு சர்ஜன் கத்தியோடு தயாராக நின்றாராம். அப்புறம் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கீறி, சீழ் வடிய ரப்பர் வடிகுழாய் வைத்தார்கள். வந்த சீழ் கொஞ்சம்தான். இந்த நோயில் பெரும்பாலும் அப்படித்தான், அழுகிய நீரும் இறுகிய சதையுமாக இருக்கும். கீறிவிட்டால் உள்ளே இருக்கும் அழுத்தம் குறையும். வலது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லை அதே மேசையில் எடுத்துவிட்டார்கள். நரம்பு வழியாக ஆன்டிபயாடிக், இன்சுலின். இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, ஏழு நாள் வார்டு. ஒரு ரூபாய் பில் இல்லை.

நோட்டில் இருந்த ஒரு வரி

ஐந்தாம் நாள் வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கழுத்துக் கட்டோடு, ஸ்பூனில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இது.

"நீங்கதான டாக்டரம்மா அன்னைக்கே சொன்னீங்க, ஏழாயிரத்தி ஐநூறு ஆகும்னு."

எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு ராத்திரி கிளினிக்கைத் திறந்து பழைய நோட்டைப் புரட்டினேன். 2023 பிப்ரவரி. என் கையெழுத்துதான்: வலது கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல், ஆழமான சொத்தை, ராத்திரியில் வலி, வேர் சிகிச்சை 3,500, கேப் 4,000, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாததல்ல. கையில் காசு இல்லை, அதை உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே எழுதி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அவருடைய சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதாக நோட்டில் இல்லை. பல்லைக் காப்பாற்றப் பணம் இல்லையென்றால் எடுத்தாவது விடுங்கள், உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ அரசு மருத்துவமனைக்குப் போனால் காசில்லாமல் எடுத்துவிடுவார்கள் என்று சொன்னதாகவும் இல்லை. எனக்கு மிகவும் உறுத்துவது மூன்றாவது விஷயம். இன்னும் சில வாரத்தில் இந்த வலி தானாக நின்றுவிடும், அப்போது ஏமாந்துவிடாதீர்கள் என்று நான் எச்சரிக்கவில்லை.

அப்புறம் நடந்ததை அவரே சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில் மெடிக்கலில் "பல்லு வலிக்கு" என்று கேட்டிருக்கிறார். டைக்ளோஃபெனாக் மாத்திரை பத்தும், அமாக்சிசிலின் நாலும் கொடுத்தார்கள். இரண்டு நாள் சாப்பிட்டார். வலி குறைந்தது, மீதியை அடுத்த தடவைக்கு என்று டப்பாவில் போட்டு வைத்தார். மறுபடி வலித்தபோது கிராம்புத் தைலம். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஆத்தா சொன்னபடி சொத்தைக் குழியில் புகையிலைத் துணுக்கு. மார்ச் கடைசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலி சுத்தமாக இல்லை.

"வலி விட்டுப் போயிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு அங்கிட்டு வந்து காசைக் குடுக்கணும்னு இருந்துட்டேன்."

அடுத்த வருடச் சித்திரை வரை அந்தப் பல்லை அவர் மறந்தே போனார். இடையில் ஈறில் ஒரு சின்னக் கொப்புளம் வந்து வந்து உடைந்ததாம், உப்பாக ஒரு நீர் வந்ததாம். அதுதான் உள்ளே இருந்த சீழ் வெளியேறிய வழி. அந்த வழி அடைபட்ட வாரம்தான் திருவிழா வாரம்.

வலி ஏன் நின்றது

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான். பல் டாக்டர்கள் நாங்கள் இதைப் போதுமான அளவு விளக்குவதில்லை என்பது என் எண்ணம்.

பல்லின் மேலே இருக்கும் எனாமல் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். அதில் உயிரும் இல்லை, நரம்பும் இல்லை. அங்கே சொத்தை விழுந்தால் எதுவும் தெரியாது, ஒரு கறுப்புப் புள்ளியோ குழியோ மட்டும். சொத்தை அதற்குள் இருக்கும் மஞ்சள் அடுக்குக்கு இறங்கும்போது குளிர்ந்த தண்ணீருக்குக் கூசும், இனிப்புக்குச் சுரீர் என்னும். அதற்கும் உள்ளே கூழ் மாதிரி இருக்கிறதே, ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த பகுதி, அதைக் கிருமி எட்டும்போதுதான் ராத்திரி தூங்கவிடாத வலி. உடம்பில் வேறு எங்கே அழற்சி வந்தாலும் அந்த இடம் வீங்கும், வீங்க இடம் இருக்கும். பல்லுக்குள் அந்தக் கூழ் நாலு பக்கமும் கல் மாதிரி சுவருக்குள் அடைபட்டிருக்கிறது, வீங்க இடமே கிடையாது. அழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் ரத்த ஓட்டம் நின்று, கூழ் செத்துப்போகும். நரம்பு செத்தபின் வலி எங்கிருந்து வரும்?

ஆக, வலி நின்றது பல் குணமானதால் இல்லை. பல் செத்ததால். அந்தச் செத்த கூழ் கிருமிகளுக்கு நல்ல விருந்து. அங்கே ரத்தம் போகாததால் மாத்திரையும் போய்ச் சேராது. எவ்வளவு ஆன்டிபயாடிக் தின்றாலும் சுற்றியுள்ள வீக்கம் அடங்கும், மூலம் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும், அதுதான் வேர் சிகிச்சை. இல்லையென்றால் பல்லையே எடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

எல்லாச் சொத்தையும் கழுத்தை நெரிப்பதில்லை. பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. இவருக்கு இப்படிப் போனதற்குக் காரணங்கள் உண்டு. கீழ்த்தாடையில் கடைசி இரண்டு கடைவாய்ப் பற்களின் வேர்நுனிகள், வாயின் தரையாக இருக்கும் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. அந்த இடத்தில் நாக்குப் பக்கத்து எலும்பும் மெல்லிசு. அங்கே சீழ் உடைத்துக்கொண்டால் வாய்க்குள் வராமல் கழுத்துப் பக்கம் இறங்கும். கூடவே சர்க்கரை. வீக்கம் கண்ட முதல் நாள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி வெளியே ஒத்தடம் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் நல்லதல்ல. வெளியிலிருந்து சூடு கொடுத்தால் சீழ் அந்தப் பக்கமே இழுக்கும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இளம் சூட்டில் உப்புத் தண்ணீரை வாய்க்குள் வைத்துக் கொப்பளிப்பது வேறு, அதைத் தாராளமாகச் செய்யலாம்.

கணக்கு

பில் இல்லை என்றேன். செலவு இல்லை என்று சொல்லவில்லை. ஒரு நாள் முழுக்கக் கட்டினால் அவருக்கு 250 ரூபாய் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாளும், வீட்டில் பத்தொன்பது நாளும் சேர்த்து 28 நாள் வேலை இல்லை: 7,000. துணைக்கு இருந்த மகள் ஜவுளிக்கடை வேலைக்கு 12 நாள் போகவில்லை: 4,200. சாப்பாடு, பஸ், ஆட்டோ என்று அவர்கள் கணக்கில் 3,000 சொச்சம். இதைச் சமாளிக்கத் தோடு அடகுக்குப் போனது, வட்டி தனி. ஒரு படுக்கை, மூன்று துறை டாக்டர்கள், ஒரு அறுவை அரங்கு, விலை கூடிய மருந்துகள் என்று அரசுக்கு ஆன செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை.

அந்தச் சொத்தை கூசத் தொடங்கிய காலத்திலேயே வந்திருந்தால் என் கிளினிக்கில் 600 ரூபாயில் அடைத்திருப்பேன். 2023 பிப்ரவரியில் எடுத்திருந்தால் 400. அரசு மருத்துவமனையில் அதுவும் இல்லை.

பல் வைத்தியம் பணக்காரர்களுக்கு என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய் இல்லை. வேர் சிகிச்சைக்கு ஊசிகள் தேயும், கேப் செய்கிற லேபுக்குப் பணம் போகும், கடை வாடகை, கரண்ட் எல்லாம் உண்டு, 3,500-க்குக் கீழே இறங்குவது எனக்குக் கஷ்டம். காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் சொத்தை அடைப்பதற்கோ வேர் சிகிச்சைக்கோ பணம் தருவதில்லை. தாடை உடைந்து அட்மிட் ஆனால் வழி உண்டு, பல்லை உடையாமல் காப்பாற்ற வழி இல்லை. ஆனால் விலை என்பது நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேறு எந்த வைத்தியத்திலும் தாமதத்துக்கு இவ்வளவு சீராக விலை ஏறுவதை நான் பார்த்ததில்லை.

குறைந்த செலவில் பார்க்க இடமே இல்லை என்பதும் சரியில்லை. வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் பல் மருத்துவர் இருக்கிறார். தாலுகா, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. மதுரை கீழவெளி வீதியில் உள்ள சி.எஸ்.ஐ. பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் பார்க்கிறார்கள். நேரம் கூட ஆகும், இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும், ஆனால் கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. இதை நான் நோயாளிகளிடம் சொல்லத் தயங்கியதற்குக் காரணம் என்ன என்று யோசித்தேன். ஆள் கைவிட்டுப் போய்விடுவார் என்ற கடைக்காரப் புத்திதான். சொல்லாததாலும் அந்த அம்மா கைவிட்டுத்தானே போனார்.

பூக்கட்டுகிறவரின் வாய்

ஜூன் மாதம் தையல் ஆறியபின் என்னிடம் வந்தார். இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். மேல் முன்பல்லின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டுத் தடம். நூலைப் பல்லால் கடித்து அறுத்து அறுத்து விழுந்தது. தையல்காரர்களிடமும் இதைப் பார்க்கலாம். கத்திரியோ பிளேடோ மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், சிரித்தார். கை இரண்டும் பூவில் இருக்கும்போது பல்தான் மூன்றாவது கை.

கீழ் முன்பற்களின் உள்பக்கம் முழுக்கக் காரை, இறுகிப்போன அழுக்குப் படிவு. ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம். இடது கீழ்க் கடைவாயில் இன்னொரு சொத்தை, நல்லவேளை ஆழம் இல்லை.

பல் விளக்குகிறாரா? விளக்குகிறார், காலையில், எழுந்த உடனே, விரலில் பல்பொடி தொட்டு. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று நாம் காலம் காலமாகச் சொல்லிவருகிறோம். குச்சியை மென்று நாராக்கித் தேய்த்தால் வெளிப்பக்கம் நன்றாகவே சுத்தமாகும், அதை நான் குறைசொல்ல மாட்டேன். உள்பக்கத்துக்கும் கடைசிக் கடைவாய்க்கும் குச்சியோ விரலோ சரியாகப் போய்ச் சேராது. இவருக்குப் போன பல் அங்கேதான் இருந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ராத்திரி. மல்லி மொட்டு சாயங்காலம் விரியத் தொடங்கிவிடும், அதற்குள் கட்டியாக வேண்டும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்றால் பதினொரு மணி, பன்னிரண்டு மணி வரை கட்டு. தூக்கம் வராமல் இருக்க டீ. ஒரு நாளைக்கு ஆறு டீ என்று எண்ணிச் சொன்னார். சர்க்கரை நோய் என்பதால் அரை ஸ்பூன்தான் போடுவாராம். ஆனால் குடிப்பது ஒரே மடக்கில் இல்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணி கட்டி ஒரு வாய், ஒரு கண்ணி கட்டி ஒரு வாய்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் இனிப்பைத் தின்று அமிலம் விடும். வாயின் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரைய ஆரம்பிக்கும். எச்சில் அதைச் சரிக்கட்டி, கரைந்த தாதுவைத் திரும்பப் பூச அரைமணி முதல் ஒரு மணி நேரம் தேவை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு வாய் டீ போனால் எச்சிலுக்கு அந்த அவகாசமே கிடைக்காது. தூங்கும்போது எச்சில் சுரப்பும் குறைந்துவிடும். கடைசி டீயோடு படுத்தால் விடியும்வரை பல் அமிலத்தில்தான் கிடக்கும்.

டீயை விடச் சொல்லவில்லை, சொன்னால் கேட்கவும் மாட்டார். சூடாக இருக்கும்போதே குடித்து முடித்துவிடுங்கள், அப்புறம் ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக் கொப்பளியுங்கள் என்றேன். படுக்கும் முன் ஒரு தடவை பிரஷ். காலையில் விட்டாலும் ராத்திரியை விடக்கூடாது. பத்து ரூபாய் டியூப் போதும், பின்னால் ஃபுளோரைடு என்றும் பக்கத்தில் 1000 பிபிஎம் போலவும் எழுதியிருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொன்னேன். மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் அது இருக்காது. ஃபுளோரைடு கரைந்த எனாமலில் தாது திரும்ப ஒட்ட உதவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளோரைடு பற்பசையைச் சேர்த்தது. மருந்துப் பட்டியலில் இருக்கும் ஒரு பொருள் பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குத் தொங்குகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும் என்றதும் யோசித்தார். "அரை முழம் கட்டுற நேரம்னு வச்சுக்கிறேன்" என்றார். இதைவிட நல்ல அளவு எனக்குத் தோன்றியிருக்காது. தேய்த்தபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள், ஃபுளோரைடு போய்விடும் என்று சொன்னதை மட்டும் அவர் ஏற்கவில்லை. முகத்தைச் சுளித்தார். சரி, ஒரே ஒரு வாய் தண்ணீர் என்று பேசி முடித்தோம்.

காரை எடுப்பதற்கும் பயம். பல் கிளீன் பண்ணினால் பல் ஆடிவிடும், சந்து விழுந்துவிடும் என்று யாரோ சொன்னது. சந்து ஏற்கெனவே இருக்கிறது, காரை அதை அடைத்து வைத்திருக்கிறது, எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணாடியில் காட்டிக் காட்டி இரண்டு தடவையாக எடுத்தேன். இடது பக்கச் சொத்தையை அடைத்தேன். 600 ரூபாய், தடவைக்கு 200 வீதம். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

செப்டம்பரில் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 11.2-இலிருந்து 8.1-க்கு வந்திருந்தது. அதில் பெரும்பங்கு இன்சுலினுக்கும் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டதற்கும்தான். ஈறு நோயைச் சரிசெய்தால் இந்த அளவு சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதாமாதம் இவர் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவருபவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார். பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதா என்று ஒரு கேள்வியும் கேட்டால் என்ன? கருவி வேண்டாம், காசு வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் பேத்தியைக் கூட்டிவந்தார். ஏழு வயது. பால்பற்களில் நாலு சொத்தை, அதற்குப் பின்னால் புதிதாய் முளைத்த கடைவாய்ப் பல்லிலும் ஒரு கறுப்புக் கோடு. "பால்பல்லுதான, விழுந்துரும்" என்றார் பாட்டி. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பின்னால் முளைக்கிற அந்தப் பல் பால்பல் இல்லை, சாகும்வரை இருக்க வேண்டியது. எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, படித்தவர்களுக்கும்தான். பால்பல் சொத்தைகளில் வெள்ளி கலந்த ஃபுளோரைடு மருந்தைத் தொட்டு வைத்தேன். ஊசி இல்லை, குடைவதில்லை, சொத்தை பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். ஆனால் அந்த இடம் கறுத்துப் போகும். பேத்திக்கு அது பிடிக்கவில்லை, கண்ணாடியைப் பார்த்து அழுதாள்.

இப்போது என் சீட்டு

இந்த நிகழ்வுக்குப் பிறகு நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு மாறியிருக்கிறது. முன்பு ஒரு தொகைதான் இருக்கும். இப்போது நல்ல வழிக்கு என்ன ஆகும், அது முடியாவிட்டால் குறைந்த வழிக்கு என்ன ஆகும், காசே இல்லாவிட்டால் எங்கே, எந்தக் கிழமை போக வேண்டும் என்று தமிழில் எழுதுகிறேன். கீழே ஒரு வரி ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருக்கிறேன்: "வலி தானாக நின்றால் உடனே வரவும்." சிலர் அதைப் படித்துவிட்டு, அச்சுப் பிழை என்று நினைத்துத் திருப்பிக் கேட்கிறார்கள். நிற்காவிட்டால்தானே வரணும்? அந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம், உட்கார வைத்து விளக்க ஒரு சாக்கு. "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனவர்களுக்குப் பத்து நாள் கழித்துப் போன் செய்கிறேன். பாதிப் பேர் எடுப்பதில்லை.

கடைசியாக அந்த அம்மா வந்தது தை மாதம். பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை எகிறிக் கிடந்த நேரம், இருந்தும் ஒரு முழம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஈறில் ரத்தம் இல்லை. அடைத்த பல் நன்றாக இருந்தது. முன்பல் தடம் மட்டும் அப்படியே, நூலைக் கடிப்பதை விடவில்லை என்று ஒத்துக்கொண்டார்.

எழுந்து போகும்போது வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்க வீட்டுக்காரருக்கும் மேல கடவாய்ல சொத்தை இருக்கு. மேல் பல்லைப் புடுங்குனா கண்ணு தெரியாமப் போயிருமாம்ல? அதான் வரமாட்டேங்குறாக."

பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்குப் போகும் நரம்பு வேறு, அப்படியெல்லாம் ஆகாது என்றேன். வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார், சும்மா துணைக்கு வந்தவர். உள்ளே கூப்பிட்டேன். துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப எப்படிண்ணே வலி இருக்கு?"

"அது நின்னு ஒரு மாசமாச்சு டாக்டரம்மா. இப்ப ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். அப்புறம் அவரைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.